அம்மாவின் நீல அட்டை, என் பெயரில் அபராதம்

சான் ஹோசேயிலிருந்து:

எங்களுடன் வசிக்கும் என் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு தேய்ந்து, வாக்கர் இல்லாமல் பத்தடிகூட நடக்க முடியாமல் போனபோது, மருத்துவர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை டி.எம்.வி. எனப்படும் மோட்டார் வாகனத் துறைக்கு அனுப்பி, மாற்றுத்திறனாளிகளுக்கான நிரந்தர பார்க்கிங் அட்டையைப் பெற்றோம். நீல நிறத்திலுள்ள அந்த அட்டைக்குக் கலிபோர்னியாவில் கட்டணம் கிடையாது. தற்காலிகமாகத் தரப்படும் சிவப்பு அட்டைக்குத்தான் 6 டாலர்.

ஒரு மாலை அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு அவருடைய மாத்திரைகளை வாங்கச் சென்றேன். வேறு இடமே கிடைக்காததால், மருந்து அம்மாவுக்குத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அட்டையைத் தொங்கவிட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிய நீலக் கட்டத்தில் வண்டியை நிறுத்தினேன். திரும்பி வந்தபோது, ஓர் அதிகாரி குனிந்து நின்று, கண்ணாடி வழியாக அட்டையின் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார். அட்டையுடன் வரும் அடையாளச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதற்குரியவர் எங்கே?" என்று மட்டும் கேட்டார். கையில் மருந்துப் பையுடன், வீட்டில் இருக்கிறார் என்றேன். அபராதச் சீட்டை எழுதியதோடு அட்டையையும் எடுத்துக்கொண்டார்.

இந்தக் குற்றத்துக்குச் சட்டம் 250 முதல் 1,000 டாலர் வரை அபராதம் வைத்திருக்கிறது. பணம் போனதைவிட, அம்மாவுக்காக மீண்டும் விண்ணப்பிக்க நேர்ந்ததுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. அட்டை அவருக்கு உரியது, வண்டிக்கு உரியதன்று. பக்கத்து வீட்டாரின் காரில் போனாலும் அவர் அதைப் பயன்படுத்தலாம், அவரில்லாமல் நான் பயன்படுத்தக் கூடாது.

ஃப்ரீமாண்டிலிருந்து:

என் கணவர் மின் சக்கர நாற்காலியில் இருப்பவர். எங்கள் வேனின் பக்கவாட்டுக் கதவிலிருந்து சரிவுப் பலகை விரிய வேண்டும். நீலக் கட்டத்தை ஒட்டிச் சாய்கோடுகள் போட்ட பகுதி அதற்காகவே விடப்பட்டது. ஒருநாள் கடையிலிருந்து வெளியே வந்தபோது அந்தக் கோடுகளின் மீது ஒரு கார் நின்றது. தூறலில் நாற்பது நிமிடங்கள் காத்திருந்தோம். சாவகாசமாக வந்த ஓட்டுநர், "என்னிடமும் அட்டை இருக்கிறதே!" என்றார். இருந்தது உண்மைதான். ஆனால் அட்டை வைத்திருப்பவரும் அந்தக் கோடுகளின் மீது நிறுத்தக் கூடாது என்பதை அவர் அறியவில்லை. தரையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தும் கவனிக்கவில்லை.

சிகாகோவிலிருந்து:

கலிபோர்னியாவில் இருந்தவரை, அப்பாவின் நீல அட்டையைத் தொங்கவிட்டால் பார்க்கிங் மீட்டருக்குப் பணம் போட வேண்டியதில்லை. அதே பழக்கத்தில் இங்கும் நிறுத்தினேன். வைப்பரின் அடியில் அபராதச் சீட்டு செருகியிருந்தது. சிகாகோ உள்ள இல்லினாய் மாநிலத்தில் 2014 முதல், மஞ்சளும் சாம்பலும் கலந்த தனி அட்டை உள்ளவர்களுக்கே மீட்டர் விலக்கு. மீட்டரை நெருங்கவோ இயக்கவோ முடியாதவர் என்பதற்கு மருத்துவரின் சான்று வேண்டும். அப்பாவால் மெதுவாக நடந்துபோய்ப் பணம் போட முடியும் என்பதால் எங்கள் மருத்துவர் கையொப்பமிட மறுத்துவிட்டார். எனக்கு அதில் மனக்குறை இல்லை. இப்போது அப்பாவே மீட்டருக்குப் பணம் போட்டுவிட்டு வருகிறார்.