புதுப்பிப்பு: சாக்கில் அழுகிய சின்ன வெங்காயம் – பட்டறை போட்டதில் என்ன ஆனது

அறுவடை செய்த சின்ன வெங்காயத்தைச் சாக்கில் கட்டி அறைக்குள் அடுக்கியதில் பத்தே நாளில் அழுக ஆரம்பித்தது என்று போன பட்டத்தில் (சாகுபடிப் பருவத்தில்) கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. அறையில் மின்விசிறி வைக்கச் சொன்ன யோசனை எனக்குச் சரிவரவில்லை. அடுக்கின் நடுவே காற்றே போகவில்லை.

கைகொடுத்தது "முதலில் காயவிடுங்கள், அப்புறம் பட்டறை" என்ற பதில்தான். பட்டறை என்றால் வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேமித்து வைக்கும் அமைப்பு. இந்த முறை பிடுங்கியதும் வரிசையாகப் போட்டு, ஒரு வரிசைத் தாள் (இலை) அடுத்த வரிசைக் காயை மூடும்படி வயலிலேயே ஐந்து நாள் விட்டேன். கழுத்து (காயும் தாளும் சேரும் இடம்) சுருங்கிக் காய்ந்த பிறகு, ஒரு அங்குலம் விட்டுத் தாளை அறுத்தோம். ஒட்ட அறுத்தால் அந்தக் காயம் வழியாகவே அழுகல் உள்ளே போகிறது. அடிபட்டதையும் கழுத்து தடித்ததையும் உடனே விற்றுவிட்டேன். மிச்சத்தைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், பக்கங்களில் படல் (பின்னிய தட்டி), மேலே தென்னங்கீற்று வைத்துப் பட்டறை போட்டோம்.

மூன்று மாதம் ஆகிறது. 600 கிலோவில் கழிவு 70 கிலோ போல. அதிலும் பாதி என் தவறு: மழைக்குப் போட்ட தார்ப்பாயை இரண்டு நாள் எடுக்காமல் விட்டதில் மேல் அடுக்கு வியர்த்து முளைத்துவிட்டது. எடையும் கொஞ்சம் குறைந்தது, அது ஈரம் வற்றியதால்.