மறு: ‘கேஃபேப்’ – பொய்க்காப்பு எனலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

மூன்று நாளாக இந்த இழை ஓடுகிறது. தொழில்முறை மல்யுத்தத்தின் ‘கேஃபேப்’ என்ற சொல்லுக்குத் தமிழ் கேட்டுக் கிளறியவன் நான்தான். ஆகவே வந்த பரிந்துரைகளுக்கு நானே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

> ‘போலிச் சண்டை’ என்றால் எல்லாருக்கும் புரியுமே, இதற்கு ஏன் இத்தனை மடல்?

புரியும், ஆனால் வேறொன்று புரியும். போலிச் சண்டை என்பது களத்துக்குள் நடப்பதன் பெயர். அது போலி என்பதை வெளியே ஒருபோதும் காட்டிக்கொள்ளாத ஒழுக்கத்தின் பெயர்தான் கேஃபேப். அமெரிக்காவில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்து மல்யுத்தம் காட்டிப் பிழைத்தவர்களின் பேச்சிலிருந்து வந்தது என்பார்கள். வெளியாள் அறைக்குள் வந்தால் ஒருவர் ‘கேஃபேப்’ என்பார், மற்றவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். நன்னூல் சொல்லும் குழூஉக்குறியேதான் இது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றார்கள் அல்லவா, அதே தேவைதான்.

> ‘நாடக வழக்கு’ தொல்காப்பியத்திலேயே ஆயத்தமாக இருக்கிறது. புதிதாக ஏன் தேட வேண்டும்?

ஐயா சொன்னது என்பதால் ஒரு நாள் முழுக்க இதை மனத்தில் வைத்துப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. நாடக வழக்கு மேடையோடு முடிந்துவிடுகிறது. விடிந்ததும் துரியோதனன் வேடம் கட்டியவரும் பீமன் வேடம் கட்டியவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கலாம், ஊரில் ஒருவரும் குறை சொல்ல மாட்டார். மல்யுத்தக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. 1987 மே மாதம் நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் ஒரு காரைப் போலீஸ் நிறுத்தியது. உள்ளே இருந்தவர்கள் ‘ஹேக்ஸா’ ஜிம் டக்கனும் அயர்ன் ஷேக்கும். முன்னவர் அமெரிக்கக் கொடியோடு களம் இறங்குபவர். பின்னவர் ஈரான் கொடியோடு வந்து அமெரிக்கா என்ற பெயருக்கே காறித் துப்புபவர். அந்த மாதங்களில் இருவருக்கும் தீராப் பகை என்பது கதை. காரில் போதைப்பொருள் இருந்தது, கைது செய்தார்கள், இருவருக்கும் வேலை போயிற்று. ஆனால் இன்றுவரை அந்தச் செய்தி பேசப்படுவது போதைப்பொருளுக்காக அல்ல, இரண்டு பகைவர்கள் ஒரே காரில் போனார்கள் என்பதற்காக.

அந்தக் காரை விளக்க முடியாத சொல் நமக்கு உதவாது.

> மக்களுக்கு உண்மை தெரிந்துவிட்டது, பழைய ரசிகர்கள் விலகிவிட்டார்கள். செத்துப்போன வழக்கத்துக்குக் கலைச்சொல் எதற்கு?

இந்தக் கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. ஆண்டுகளைப் பாருங்கள். 1984 டிசம்பரில் இதெல்லாம் போலிதானே என்று கேட்ட தொலைக்காட்சிச் செய்தியாளர் ஜான் ஸ்டாசலை, மல்யுத்தக்காரர் டேவிட் ஷுல்ட்ஸ் கேமரா முன்னாலேயே காதோடு சேர்த்து அறைந்தார். 1989-இல் இவர்கள் எல்லாரும் வேலை பார்த்த டபிள்யூ.டபிள்யூ.எஃப் (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ) நிறுவனமே நியூ ஜெர்சி மாநில செனட்டில், இது போட்டி அல்ல, கேளிக்கைதான் என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கண்காணிப்பும் வரியும் தன்மேல் விழாமல் இருக்கத்தான் இந்த ஒப்புதல். ஆக, கதவு 1989-லேயே திறந்துவிட்டது. உண்மை தெரிந்ததால் ரசிகன் போனான் என்றால் அப்போதே போயிருக்க வேண்டும். பழைய ரசிகர்கள் இன்றும் பெருமூச்சு விடும் காலமோ அதற்குப் பிந்தியது: ஹல்க் ஹோகன் கெட்டவனாக மாறிய 1996, ஸ்டீவ் ஆஸ்டினும் ராக்கும் கோலோச்சிய அடுத்த நான்கைந்து ஆண்டுகள்.

எங்கள் தலைமுறைக்கு இது 2002 வாக்கில் டென் ஸ்போர்ட்ஸ் வழியாக வந்து சேர்ந்தது. சேலத்தில் நாங்கள் மதிய இடைவேளையில் மல்யுத்தச் சீட்டு ஆடுவோம். உயரம், எடை, மார்பளவு, தரவரிசை என்று எண்களைச் சொல்லிச் சீட்டைப் பிடுங்குவது ஆட்டம். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்றும், கேன் அவருடைய சொந்தத் தம்பி, தீயில் வெந்தவர் என்றும் வகுப்பில் பேச்சு. நம்பினோமா? பாதிப் பேர் நம்பவில்லை. நம்பாதவர்களும் வாய் திறக்கவில்லை. ஒருவன் மட்டும் எல்லாம் நடிப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவனை ஆட்டத்தில் சேர்க்காமல் விட்டோம். அவன் சொன்னது தவறு என்பதற்காக அல்ல.

அதாவது காவல் இரண்டு பக்கமும் இருந்தது. அவர்கள் ஊர் ஊராகத் தனித்தனிக் காரில் போய்க் காத்தார்கள், நாங்கள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்தோம். ஒரு பக்கம் கையை எடுத்துவிட்டால் மறுபக்கத்துக்குக் காக்க என்ன இருக்கிறது?

அந்தக் கை எப்போது எடுக்கப்பட்டது என்று கேட்டால் நான் 1997 நவம்பர் 9 என்பேன். மாண்ட்ரியலில் பிரெட் ஹார்ட், ஷான் மைக்கேல்ஸ் ஆட்டம். ஹார்ட் வேறு நிறுவனத்துக்குப் போகவிருந்தார். தோற்க ஒப்புக்கொள்ளாத அவரைத் தோற்றதாக அறிவிக்க, முதலாளி வின்ஸ் மக்மஹன் களத்தருகே நின்று மணியடிக்கச் சொன்னார். அது நிஜத் துரோகம். மறு மாதங்களில் அதே மக்மஹன் திரையில் கொடிய முதலாளியாக வலம் வந்தார், கூட்டம் அலைமோதிற்று. திரைக்குப் பின்னால் நடப்பதையே விற்கலாம் என்று நிறுவனம் கற்றுக்கொண்டது அங்கேதான். அன்று அது புத்திசாலித்தனம். இன்று வேறு சரக்கே இல்லை. என்னைப் போன்றவர்களுக்கு ஈர்ப்புப் போனது அதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1996 மே மாதம் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், நண்பர் இருவர் வேறு நிறுவனத்துக்குப் போகும் முன் நால்வர், நல்லவரும் கெட்டவருமாகக் களத்திலேயே கட்டித் தழுவிக்கொண்டார்கள். இருவர் போய்விட்டார்கள், ஒருவர் அப்போதைய சாம்பியன். தண்டனை முழுவதும் நான்காமவரான டிரிபிள் ஹெச் தலையில் விழுந்தது. இன்று கதைப்பிரிவு முழுவதற்கும் தலைவர் அவர். 2025-இல் கதை எழுதும் அறைக்குள்ளேயே நெட்பிளிக்ஸ் கேமரா நுழைந்தது அவர் தலைமையில்தான். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வேடம் கலையாமல் வாழ்ந்த அண்டர்டேக்கர் இப்போது பாட்காஸ்ட் நடத்துகிறார். தீயில் வெந்த தம்பி 2018-இல் டென்னசியில் ஒரு மாவட்டத்துக்கு மேயர் ஆனார்.

வாரத்துக்கு இத்தனை மணி நேரம் ஒளிபரப்பு, 2001-இல் போட்டி நிறுவனத்தை விழுங்கியது என்று வேறு காரணங்களும் உண்டு. அவை நம் சொல்லுக்குத் தேவையில்லை.

என் பரிந்துரை: பொய்க்காப்பு. மெய்க்காப்பு என்ற பழைய சொல்லின் மறுபக்கம். கேஃபேப் காத்தார் என்பதற்குப் ‘பொய் காத்தார்’, உடைத்தார் என்பதற்குப் ‘பொய்க்காப்பு உடைத்தார்’. பொய் சொல்வது வேறு, பொய்யைக் காப்பது வேறு என்பது சொல்லிலேயே இருக்கிறது.

அன்புடன்,
சேலத்திலிருந்து

---

தம்பிக்கு,

காரைக் கொண்டுவந்து என் ‘நாடக வழக்கு’ மேல் ஏற்றிவிட்டீர்கள். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘காப்பு’ நன்று. எங்கள் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை வெளியூரில் இராத் தங்கக் கூடாது. கட்டியவர் மட்டுமல்ல, ஊரே அதற்குக் கட்டுப்படும். நீங்கள் சொல்லும் இருபக்கக் காவல் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டு ஐயங்கள். ஒன்று, ‘பொய்’ என்பது வசை. ‘புனைவுக்காப்பு’ கூடாதா? மற்றொன்று, ஈர்ப்புப் போய்விட்டது என்கிறீர்கள். அந்த நெட்பிளிக்ஸ்தான் பத்து ஆண்டுகளுக்கு 500 கோடி டாலருக்கு மேல் கொடுத்து நிகழ்ச்சியை வாங்கியிருக்கிறது. ஈர்ப்பில்லாத பண்டத்துக்கா இந்த விலை?

---

ஐயா, வணக்கம்.

பொய்க்கால் குதிரை என்கிறோம், ஆடுபவர் கோபித்துக்கொள்வதில்லை. புனைவு தன்னைப் புனைவு என்று அட்டையிலேயே சொல்லிக்கொண்டு வரும். அதற்குக் காவல் வேண்டாம். எனவே பொய் இருக்கட்டும்.

இரண்டாவது கேள்வியில் நான் தோற்றேன். என் அக்கா மகன் விடாமல் பார்க்கிறான். ஆட்டத்தைவிட, யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பவைதான் அவனுக்குச் சுவை. நான் விட்டுவிட்டேன், அவன் வந்திருக்கிறான். நிறுவனத்துக்கு நட்டமில்லை. ஆனால் ரோமன் ரெய்ன்ஸ் 1316 நாள் பட்டத்தை விடாமல் வைத்திருந்து, 2024 ஏப்ரலில் கோடி ரோட்ஸிடம் இழந்த இரவில் நானும் விழித்திருந்து பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவ்வளவு நாள் ஒரு கதையை யாரோ கலையாமல் காத்தார்கள்.

வேறு மறுப்பு வராவிட்டால் ஞாயிறன்று பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அதற்குள் ஒரு முடிச்சு அவிழ வேண்டும். 2011 ஜூனில் சி.எம். பங்க் என்ற மல்யுத்தக்காரர் மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து முதலாளியையும் அவர் குடும்பத்தையும் திட்டினார், ஒலிவாங்கியை அணைத்தார்கள். பொய்க்காப்பு உடைந்ததாக அன்று எல்லாரும் நினைத்தோம். அணைப்பதும் ஏற்பாடுதான். உடைப்பதுபோலக் காட்டியே காக்கும் இந்த வித்தைக்கு அவர்களிடம் தனிச்சொல் இருக்கிறது. ‘பொய்யுடைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், நிஜமாகவே உடைத்ததற்கும் அதுவே பொருந்துகிறது. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.