புதுப்பிப்பு: மொழிப் பரிமாற்றச் சந்திப்பில் தமிழ் நேரம் ஏன் கரையுது

வெளிநாட்டு மாணவரோட ஒரு மணித்தியாலம் இருந்தால் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் எண்டு முதல் எழுதியிருந்தன். இப்ப சேர்க்கிறது: தமிழை முதலில் வையுங்கோ. ஆங்கிலத்தில் கதை சூடுபிடிச்சால் பிறகு ஒருத்தரும் மாறமாட்டினம். 30ஆவது நிமிடம் போனில் அலாரம் அடிச்சால், பாதி வசனத்திலும் மாறவேணும்.

கதைக்கேக்க இடைமறிச்சுத் திருத்தாதேங்கோ. கொப்பியில் குறிச்சு, கடைசி 5 நிமிடத்தில் மூண்டு பிழை மட்டும் சொல்லுங்கோ. எல்லாத்தையும் பிடிச்சால் அடுத்த கிழமை ஆள் வராது.

வெளிநாட்டு மாணவர் அனேகமாகப் புத்தகத் தமிழோட வருவினம். எங்கட பெடியளும் மரியாதைக்கு மேடைத்தமிழுக்குத் தாவிடுவினம், அது உதவியே இல்லை. அவையை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்க விடுங்கோ. விலையை வேகமாகச் சொல்லேக்க காது தடுமாறும். பக்கத்தில் நிண்டு நீங்கள் மொழிபெயர்க்கக்கூடாது. விரலைக் காட்டியாவது அவையே முடிக்கட்டும்.