மறு: 'பொருந்தா ஒப்பீடு' – ஒப்பீட்டு வழு என்று வைப்போமா?

அன்பின் நண்பர்களுக்கு,

ஆங்கிலத்தில் இரண்டை ஒப்பிட்டு எழுதும்போது வரும் இலக்கணப் பிழைக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதற்கு வந்த ஒரு பதில்:

> 'பொருந்தா ஒப்பீடு' என்றே வைக்கலாம். மாணவருக்கு உடனே விளங்கும்.

விளங்கும், ஆனால் பாதிதான். வெள்ளவத்தையில் நான் எடுக்கும் ஐஈஎல்டிஎஸ் (ஆங்கில மொழித் திறன் தேர்வு) வகுப்பில் அடிக்கடி வரும் வாக்கியம் இது: 'இலங்கையின் தேயிலை ஏற்றுமதி கென்யாவைவிடக் குறைவு.' தமிழில் ஒரு குறையும் இல்லை. சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் ஏற்றுமதியை ஒரு நாட்டோடு ஒப்பிட்டதாகிவிடும்; கென்யாவுக்கு முன் 'தோஸ் ஒஃப்' (those of) சேர்த்தால்தான் சரி. இதற்குப் 'பொருந்தா' பொருந்தும்.

அப்புறம் இன்னொரு வகை. 'இலங்கையின் எந்த நகரத்தையும்விடக் கொழும்பு பெரியது.' நகரத்தை நகரத்தோடுதான் ஒப்பிடுகிறோம், பொருத்தத்துக்கு என்ன குறை? ஆனால் கொழும்பும் இலங்கை நகரம்தானே. தன்னைவிடத் தானே பெரியது என்றாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'அதர்' (other, 'மற்ற') விடுபட்டால் இதையும் பிழை என்றே கொள்வார்கள். இரண்டையும் தாங்கும் சொல் வேண்டும்.

'ஒப்பீட்டு வழு' என்று வைப்போம். வழு என்றால் பிழை. திணை வழு, பால் வழு, கால வழு எல்லாம் பாடசாலைத் தமிழிலேயே படித்தவை. பௌதிகவியல் படித்த பிள்ளைகளுக்குப் 'பூச்சிய வழு'வும் பழக்கம். 'ஒப்பு வழு' என்று சுருக்கினால் ஒற்றுமைதான் நினைவுக்கு வரும். நாம் பேசுவது கூடுதல் குறைவைப் பற்றி. முன்பு ஒருவர் சொன்ன 'தர்க்கமற்ற ஒப்பீடு' எனக்குப் பிடிக்கவில்லை. எழுதிய பிள்ளைக்கு யோசிக்கத் தெரியாது என்பதுபோல ஒலிக்கிறது.

வழு என்று வைத்தால் வழுவமைதியும், அதாவது வழுவானாலும் வழக்கில் ஏற்கப்படுவதும், கூடவே வருகிறது. இதைத்தான் நான் பெரிய நன்மையாக நினைக்கிறேன். தேயிலை வாக்கியம் தமிழில் வழுவமைதி, ஆங்கிலத்தில் வழு. இப்படிச் சொல்லிக்கொடுத்தால் தன் தமிழே பிழையோ என்று பிள்ளை குழம்பாது.

ஜிமாட் (முகாமைத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) 2023 நவம்பரில் கொண்டுவந்த புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தக் கேள்விகள் இல்லை, ஆகவே இந்தச் சொல்லுக்குத் தேவை குறைந்துவிட்டது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். தேவை குறையவில்லை. ஐஈஎல்டிஎஸ் கல்விசார் தேர்வின் முதல் எழுத்துப் பணியைப் பாருங்கள். குறைந்தது 150 சொற்கள். பொருத்தமான இடங்களில் ஒப்பிடு என்று கேள்வித்தாளே சொல்கிறது. இலக்கணத் திருத்தத்துக்குத் தனிப் புள்ளியும் உண்டு.

சரி, 'தோஸ் ஒஃப்', 'தட் ஒஃப்' (that of) செய்யும் வேலைக்கு என்ன பெயர்? 'பதிலிப் பெயர்' என்று வைக்கலாமா? சுட்டுப்பெயர் என்பதே போதும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.