தமிழ் நூல்களுக்கு உசாத்துணைப் பட்டியல்: இலவசக் கருவியில் குழப்பம், உதவி தேவை

பொகவந்தலாவ மாணவி:
வணக்கம். மலையகத் தமிழரின் குடியுரிமைப் பறிப்பைப் பற்றித் தமிழில் ஆய்வேடு எழுதுகிறேன். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) ஏழாம் பதிப்பின்படி உசாத்துணைப் பட்டியல் கேட்கிறார்கள். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வசதியில்லை. அதனால் இலவசமாகப் பட்டியல் தயாரித்துத் தரும் ஸோட்டெரோபிப் தளத்தில் தொடங்கினேன். ஹட்டனில் ஒரு கணினி நிலையத்தில் சேர்த்த பட்டியலை வீட்டில் திறந்தால் ஒன்றுமே இல்லை. தமிழ் நூற்பெயர்களை என் கோப்பிலிருந்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விழுகிறது. ஒரே ஆசிரியர் இரண்டு இடத்தில் வருகிறார். சமர்ப்பிக்கும் நாள் நெருங்கிவிட்டது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கண்டி நூலகர்:
தங்கச்சி, பயப்பட வேண்டாம். ஸோட்டெரோபிப் கணக்கு எதுவும் கேட்பதில்லை. பட்டியலை அந்தக் கணினியின் உலாவியிலேயே வைத்துக்கொள்ளும். நிலையத்தார் உலாவியைத் துடைக்காமல் இருந்தால் அதே கணினியில் இன்னும் இருக்கும். நாளைக்கே போய், பட்டியலுக்கு ஓர் இணைய முகவரியை (லிங்க்) உருவாக்கி உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள்.

பிறகு ஸோட்டெரோவுக்கே மாறிவிடுங்கள். உசாத்துணை விவரங்களைச் சேர்த்து வைத்துப் பட்டியல் போட்டுத் தரும், 2006 முதல் இருக்கிற இலவச, திறந்த மூல மென்பொருள். சொந்தக் கணினியில் நிறுவினால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். மழைக்குச் சிக்னல் போகிற நம் பக்கத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இலவசமாகத் தருகிற இணையச் சேமிப்பின் 300 எம்பி எல்லை, இணைக்கும் கோப்புகளுக்கு மட்டும்தான். நூல் விவரங்களை எவ்வளவும் சேர்க்கலாம்.

ஆசிரியர் இரண்டாகப் பிரிவது பெயரைப் பிரிக்கும் முறையால் வருவது. ஒரு தளம் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்திருக்கும், இன்னொன்று சொந்தப் பெயரை எடுத்திருக்கும். ஆசிரியர் வரிசையின் ஓரத்தில் இருக்கும் சிறு பொத்தானை அழுத்தினால் இரண்டு கட்டங்களும் ஒன்றாகும். அதில் எல்லா நூல்களுக்கும் பெயரை ஒரே விதமாக எழுதுங்கள். எழுதியது எழுதியபடியே வரும். ஆனால் வாசகத்தின் நடுவில் இடும் மேற்கோள் குறிப்பிலும் முழுப்பெயரே வரும். அதை ஏற்பார்களா என்று மேற்பார்வையாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தலவாக்கலை தட்டச்சுக்காரர்:
அரைப்புள்ளி விழுகிறது என்றால் உங்கள் கோப்பு பாமினி எழுத்துருவில் இருக்கிறது. பாமினி ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது; போர்வையை எடுத்தால் உள்ளே இருப்பது ஆங்கிலம்தான். கருவி அந்த ஆங்கிலத்தைப் பார்த்துத்தான் அகரவரிசையும் போடும். ஆகவே தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடு முறைக்கு மாற்றாமல் எதையும் ஒட்டாதீர்கள். இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. முழு அத்தியாயத்தையும் ஒரே மூச்சில் போட வேண்டாம்: நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிக் கெடுத்துவிடும். தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து மாற்றி, ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

பொகவந்தலாவ மாணவி:
மிக்க நன்றி சேர், அண்ணா. பட்டியல் கிடைத்துவிட்டது, கோப்பு பாமினிதான். இன்னும் ஒன்று: 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தை எப்படிச் சேர்ப்பது? சட்டம் என்ற வகையில் போட்டால் வடிவம் விநோதமாக வருகிறது.

கண்டி நூலகர்:
ஏபிஏயின் சட்ட வடிவம் அமெரிக்கச் சட்டங்களை மனத்தில் வைத்து அமைந்தது. இலங்கைச் சட்டத்தை உங்கள் துறையின் வழிகாட்டியில் உள்ளபடி கையால் எழுதுவதே நல்லது. ஆனால் ஆய்வேட்டுக் கோப்பில் உள்ள பட்டியல் ஸோட்டெரோவோடு இணைந்திருக்கும்வரை, கையால் திருத்தியதை அடுத்த புதுப்பிப்பு அழித்துவிடும். எல்லா வேலையும் முடிந்தபின் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, அதில் ஸோட்டெரோவோடு உள்ள இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திருத்துங்கள். 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டமும் உங்களுக்கு வேண்டியிருக்கும்; அதற்கும் இதுவே வழி.

‘நூலகம்’ என்ற மின்நூலகத் தளத்திலிருந்து எடுத்த நூல்களையும் பாருங்கள். இணையப்பக்கம் என்று பதிவாகியிருந்தால் நூல் என்று மாற்றுங்கள். ஆண்டை, மின்வடிவத்தின் உள்ளே பதிப்பு விவரம் உள்ள பக்கத்தைத் திறந்து பார்த்து எழுதுங்கள். தளத்தில் ஏற்றிய ஆண்டு அங்கே வரக்கூடாது.