பறப்பு நேரமா, தரிப்பிடை நேரமா?

எல்லோருக்கும் வணக்கம். விமானப் பயணத்தின் தூரத்தையும் நேரத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுக்கு நம் குழு தேடும் தமிழ்ச் சொற்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தூரத்தை முதலில் முடித்துவிடுவோம். பூமியின் மேல் இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தூரத்துக்கு ஐயா சொன்ன 'விமானத் தூரம்' எனக்குச் சரிவரவில்லை. விமானம் அந்தக் கணக்குத் தூரத்தை அப்படியே பறப்பதில்லை, காற்றைப் பார்த்தும் மூடிக்கிடக்கும் வான்பரப்பைச் சுற்றியும்தான் போகிறது. பூகோள உருண்டையில் கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள், நூல் ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே ஏறி இறங்கும், ஏறத்தாழ 14,000 கி.மீ. வரும். பெருவட்டத்தின், அதாவது பூமியைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டத்தின் வில் அது. ஆகவே 'பெருவட்டத் தூரம்', சரிதானே?

நேரம்தான் சிக்கல். பிளொக் டைம், அதாவது விமானம் தரிப்பிடத்தை விட்டு அசைந்ததிலிருந்து போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் வரையுள்ள நேரம், அதற்கு 'பறப்பு நேரம்' என்று போடலாம் என்கிறார் தம்பி. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரைவிலக்கணப்படி பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது: அங்கே ஃபிளைட் டைம் என்றாலே விமானம் மேலேறுவதற்காக முதலில் அசைந்த கணத்திலிருந்து கடைசியாக நிற்கும் வரையுள்ள நேரம்தான். ஆனால் தமிழில் 'பறப்பு' என்றால் ஆகாயத்தில் இருப்பது. ஓடுபாதையில் வரிசையில் நின்று பெருமூச்சு விடுவதை யாரும் பறப்பு என்று சொல்ல மாட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னை 350 கி.மீ. சொச்சம், ஏடிஆர் 72 விமானம் மணிக்கு 500 கி.மீ. அளவில் போகும், பிறகு ஏன் அட்டவணையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போட்டிருக்கிறார்கள் என்று பெரியப்பா கேட்டார். ஏறுவதும் இறங்குவதும் அந்த வேகத்தில் நடக்காது, தரையில் ஊரும் நேரமும் அதற்குள் அடக்கம். ஆகாயத்தில் இருக்கும் நேரத்தையும், தரையில் ஊருவதையும் சேர்த்த நேரத்தையும் பிரித்துக் காட்டத்தான் நமக்கு இரண்டு சொல் வேண்டும்.

எனக்கு முதலில் பிடித்தது 'கட்டை நேரம்'. சில்லுக்குக் கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து திரும்ப வைக்கும் வரை. ஆங்கிலச் சொல்லின் கதையும் அதுதான். பெரியப்பாவிடம் சொன்னேன். "எத்தனை கட்டை?" என்று கேட்டார்! மைலுக்குக் கட்டை என்று சொல்லிப் பழகியவர்களிடம், கிளிநொச்சியில் 155ஆம் கட்டை இன்னும் ஊர்ப்பெயராக இருக்கும்போது, தூரத்தையும் நேரத்தையும் நாமே போட்டுக் குழப்புவதா? அதோடு அந்தச் சொல்லைக் கைவிட்டேன்.

இப்போது என் முன்மொழிவு 'தரிப்பிடை நேரம்'. பஸ் தரிப்பிடம் எல்லோருக்கும் தெரிந்தது; ஒரு தரிப்புக்கும் அடுத்த தரிப்புக்கும் இடைப்பட்ட நேரம் இது. 'பறப்பு நேரம்' சில்லு நிலத்தை விட்டதிலிருந்து நிலத்தைத் தொடும் வரைக்கு மட்டும் இருக்கட்டும்.

துபாயில் மாறி ஏறுபவர்களின் கணக்கு வேறு. அந்த வழியாகப் போனாலும் ரொறன்ரோவுக்கு ஏறத்தாழ 14,400 கி.மீ.தான், தூரம் பெரிதாகக் கூடவில்லை, காத்திருப்பில்தான் நேரம் போகிறது. அதற்கு 'மொத்தப் பயண நேரம்' போதும், புதுச்சொல் தேவையில்லை. ஆனால் வரைவிலக்கணத்தில் நேர வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்கச் சொல்ல வேண்டும்: ரொறன்ரோ இலங்கையைவிடக் குளிர்காலத்தில் 10.30 மணித்தியாலம் பின்னால், கோடையில் 9.30. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதை மறந்து, சித்தி பயணத்தை பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் என்று எண்ணிக்கொண்டு சாப்பாடு கட்டாமல் போனவர்.

ஒரே பயம், 'தரிப்பிடை' என்பதை வேகமாக வாசித்தால் 'தரிப்பிட நேரம்' ஆகி, வாகனம் நிறுத்திவைக்கும் நேரம் என்று விளங்கிவிடுமோ? வீட்டில் இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.