40 கால் ஐசி மட்டும் உட்கார மாட்டேன் என்கிறதா? பிரிண்ட் அளவு குறித்து மூன்று பேரின் அனுபவங்கள்

வீட்டில் டோனர் முறையில் (லேசர் பிரிண்ட்டின் மையைச் செம்புத் தகட்டில் சூடுபோட்டு ஒட்டவைத்து) பிசிபி, அதாவது சர்க்யூட் போர்டு, செய்கிறவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். அயர்ன் பாக்ஸ் தேய்த்து, வேண்டாத செம்பைக் கரைக்க ஃபெரிக் குளோரைடில் ஊறப்போட்டு, துளையும் போட்டாகிவிடும். அப்புறம் சாக்கெட்டை வைத்தால் முதல் சில கால்கள் இறங்கும், கடைசிக் கால்கள் இறங்காது. எனக்கு இது ஒரு 8051 (40 கால் மைக்ரோகன்ட்ரோலர் ஐசி) போர்டில் நடந்தது. அதே போர்டில் இருந்த 8 கால் ஐசி மட்டும் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. அதுதான் துப்பு.

கணக்கைப் பாருங்கள். காலுக்குக் கால் இடைவெளி 2.54 மி.மீ. 8 கால் ஐசியில் ஒரு வரிசைக்கு மூன்றே இடைவெளி, மொத்தம் 7.62 மி.மீ. பிரிண்ட் 97 சதவீதமாகச் சுருங்கினால் 0.2 மி.மீ. சொச்சம்தான் குறையும், அதைத் துளையே விழுங்கிவிடும். 40 கால் ஐசியிலோ 19 இடைவெளி, 48.26 மி.மீ. அங்கே குறைவது கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீட்டர். முதல் காலைச் சரியாக வைத்தால் கடைசிக் கால் இரண்டு பேடுக்கும் (காலைப் பற்றவைக்கும் செம்புப் புள்ளி) நடுவில் போய் நிற்கும். சின்ன போர்டு மட்டுமே செய்கிறவர்கள் வருடக்கணக்கில் சுருங்கிய பிரிண்ட்டோடு ஓட்டிவிட முடிவது இதனால்தான்.

அந்த 97 எங்கிருந்து வருகிறது? என் விஷயத்தில் பிடிஎஃப் லெட்டர் அளவில் இருந்தது, தாள் ஏ4. லெட்டர் தாளின் அகலம் 215.9 மி.மீ., ஏ4 தாளுக்கு 210. ஒன்றை இன்னொன்றில் அடக்கினால் 97.3 சதவீதம். பிடிஎஃப் ஏ4 ஆகவே இருந்தாலும் பிரிண்ட் விண்டோவில் 'ஃபிட்' தேர்வாகியிருந்தால், பிரிண்டர் ஓரத்தில் விடும் வெள்ளை இடத்துக்காக இன்னும் கொஞ்சம் சுருக்கும். 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிண்டர் டிரைவருக்குள் தனியாக ஒரு ஸ்கேலிங் இருக்கும், அதையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

இப்போதெல்லாம் போர்டுக்கு வெளியே கிடைமட்டமாக 100 மி.மீ. கோடு ஒன்று, செங்குத்தாக ஒன்று வரைந்துவிடுகிறேன். வெற்றுத் தாளில் அடித்து ஸ்டீல் ஸ்கேலால் அளந்த பிறகுதான் டோனரைப் போர்டுக்கு மாற்றும் கிளாசி பேப்பரைத் தொடுவது. இரண்டு கோடும் ஒரே அளவு குறைந்திருந்தால் சாஃப்ட்வேர் எங்கோ சுருக்குகிறது, தேடினால் கிடைக்கும். 97 வந்தால் 103 என்று போட்டு ஈடுகட்டுவது எனக்குப் பிடிக்காது. வேறு கம்ப்யூட்டரில் அடிக்கும்போது அது நம்மையே கடிக்கும்.

*

சார், நான் ஜெராக்ஸ் கடை ஆள். கடை வைத்திருக்கிறேன் என்று நினைக்காதீர்கள், எப்போதும் கடையில்தான் பிரிண்ட் எடுக்கிறேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட்ஸ் வாங்கிக்கொண்டு வரும் வழியில் ஒரு கடையில் லேஅவுட்டை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினேன். வந்த பிரிண்ட் பக்கம் முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு ரெசிஸ்டருக்கு விட்ட இடத்தில் டிரான்ஸ்ஃபார்மரையே வைக்கலாம்!

படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் பிக்சலைக் குறைத்துவிடுகிறது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற தகவலும் அதோடு போய்விட்டால் பிரிண்ட் செய்கிற மென்பொருளுக்கு நிஜ அளவு தெரிய வழியே இல்லை. பிடிஎஃப் ஆக்கி, டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கடைக்காரர் பிரவுசரிலிருந்து நேராக அடித்தால் அங்கேயும் ஸ்கேலைப் பார்க்கச் சொல்லுங்கள். "எல்லாம் கரெக்டாத்தான் வரும் தம்பி" என்பார். பையில் ஓர் ஐசி சாக்கெட் வைத்திருங்கள், தாள் வந்ததும் அங்கேயே மேலே வைத்துப் பார்த்துவிடலாம்.

*

மேலே சொன்னதில் சேராத ஒரு வகை உண்டு. ஒரு திசையில் 100 சரியாக இருக்கும், தாள் ஓடும் திசையில் மட்டும் 99.5 வரும். இதற்கு செட்டிங்கில் தேடிப் பயனில்லை. பிரிண்டரின் ரோலரும் சூடும் செய்கிற வேலை அது. டோனரை உருக்கித் தாளில் ஒட்டும் ஃபியூசரின் சூட்டில் தாளின் ஈரம் போய்த் தாளும் கொஞ்சம் சுருங்கும். மழைக்காலத்தில் பிரித்துவைத்த தாள் இன்னும் மோசம். முதலில் வெற்றுப் பக்கமாக ஒரு முறை ஓட்டிவிட்டு, சூடு ஆறுவதற்குள் அதே தாளில் அடித்தால் வித்தியாசம் குறைகிறது.

ஒற்றைப் பக்க போர்டுக்கு இந்த அரை சதவீதத்தைக் கண்டுகொள்ள வேண்டாம். இரட்டைப் பக்கம் என்றால் இரண்டு லேயரையும் ஒரே தாளில், ஒரே திசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடியுங்கள். தவறினாலும் இரண்டும் சேர்ந்தே தவறும், இரு பக்கத்தையும் இணைக்கும் வயா துளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அப்படியும் நீளமான கனெக்டர் உட்காரவில்லை என்றால், கைகேட் (KiCad, போர்டு வரையும் மென்பொருள்) பயன்படுத்துகிறவர்கள் போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைலாகப் பிளாட் செய்து பாருங்கள். எக்ஸ், ஒய் இரண்டுக்கும் தனித்தனி ஸ்கேல் அங்கே கொடுக்கலாம். 99.5 வந்த திசைக்கு 1.005 போட்டால் போதும், மற்றதை 1 ஆகவே விடுங்கள்.